அம்மா என்ற பெயரில் இரண்டு படங்கள்

சொரிமுத்துப் பெரியவரை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது, கண் ஆஸ்பத்திரி வேனில் அவர் ஏறிய அன்று காலை. ஜன்னலோரமாக உட்கார வைத்தேன். மடியில் மஞ்சள் பை. அதில் மாற்று வேட்டியும் துண்டும். வலது புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டி ஏதோ எண் எழுதியிருந்தார்கள். வேன் கிளம்பும்போது என் கை எங்கே என்று தடவிப் பிடித்து, "போட்டோக்காரரே, கண்ணு தெளிஞ்சு வந்ததும் முதல் காரியமா அந்த முகத்தைத்தான் பாக்கணும்" என்றார். நான் சிரித்தேன். சிரித்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். என் முகம் அப்போது இருந்த இருப்பு அவருக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் கேட்டது இது இல்லை, அண்ணாச்சி. தெரியும். பேக்கரிக்கு ஒரு வலைத்தளம் போடப் போகிறீர்கள். பிறந்தநாள் பிள்ளைகளின் படத்தை வாடிக்கையாளர்கள் அதில் ஏற்றவேண்டும், நீங்கள் அதைக் கேக்கில் அச்சடித்துக் கொடுப்பீர்கள். ஏற்றுகிற படங்களைப் பத்திரமாக வாங்கி வைப்பது எப்படி. அதுதானே? சொல்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

கேக்கில் படம் மாறிப்போனால் வெட்டித் தின்றுவிடலாம். என் தொழில் அப்படி இல்லை. என் தொழில் இறந்தவர்கள் படம். மங்கிப்போன படத்தைத் துலக்கி, கிழிந்த இடத்தை ஒட்டி, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பது. துலக்குவது என் மனைவி கோமதி. நான் கடையையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்வேன். படித்தது பத்தாம் வகுப்பு. வலைத்தளம் போடுவதை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன். துபாயில் இருக்கிறவர்களும் சிங்கப்பூரில் இருக்கிறவர்களும் சங்கரன்கோவிலுக்கு வந்து படம் கொடுக்க முடியாதே, அதற்காக.

பத்திரம் என்று கேட்டீர்களே, நான் செய்த பத்திரம் கொஞ்சம் இல்லை. படத்தைத் தவிர வேறு எதையும் என் தளம் ஏற்காது. படம் என்று பெயர் போட்டு உள்ளே வைரஸை வைத்து அனுப்புவார்கள். அதனால் பெயரை நம்பாமல், திறந்து பார்த்துச் சோதிக்கும்படி எழுதினேன். பத்து எம்.பி.க்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடும். ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் எட்டிப்பார்க்க முடியாது. கெட்டவன் எந்த வழியாக வருவான், எந்த வழியாக வருவான் என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு கதவாகச் சாத்தினேன். சாத்திவிட்டு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டேன். 'உங்கள் படம் எங்களிடம் பத்திரமாக இருக்கும்.'

கெட்டவன் ஒருவனும் வரவில்லை, அண்ணாச்சி. இன்றுவரை வரவில்லை.

ஃபோனில் எடுத்த படங்கள் வெறும் எண்ணோடு வரும். கோமதி ஒவ்வொன்றையும் திறந்து, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளே ஒரு பெயர் வைப்பாள். 'ஆலங்குளம் மூக்குத்தி ஆச்சி' என்று ஒன்று. 'மலேசியா மகனுடைய அப்பா, கோபக்காரர்' என்று ஒன்று. "கோபக்காரர்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன். "வாயைப் பாருங்க, உங்களை மாதிரியே இருக்கு" என்றாள். "இதெல்லாம் ஒரு பேரா? நம்பர் போட்டுட்டுப் போவியா" என்றால், "பேர் தெரியாம ஒருத்தர் மூஞ்சியில எப்படிங்க கைவைக்கது?" என்பாள்.

முந்தின வருஷம் ஆடியில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று சேர்த்தோம். ஒன்பது நாள்.

எட்டு மாதம் கடையைத் திறக்கவில்லை. சித்திரையில் திறந்தேன். திறந்த பிறகு, முகங்களைத் திறந்து பார்த்து வேலை செய்ய எனக்கு நேரமில்லாமல் போயிற்று. நேரம்தான், வேறொன்றும் இல்லை. திருநெல்வேலியில் ஒரு லேப் இருக்கிறது. துலக்கி, அச்சடித்து, சட்டம் போட்டு, காகிதம் சுற்றியே அனுப்பிவிடுவார்கள். தளத்தில் ஏறுகிற படம் சாயங்காலம் தானாக அவர்களுக்குப் போகும்படி எழுதிவிட்டேன். போனதும் இங்கே அழிந்துவிடும். அடுத்தவர் வீட்டுப் படத்தை நாம் வைத்திருக்கக் கூடாது, அதுவும் பத்திரம்தானே? எனக்குப் படத்தைப் பார்க்கவேண்டிய வேலையே இல்லை. பெயர் வைக்க மட்டும் ஆள் இல்லை. அதற்கும் வழி செய்தேன். தளத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'படத்தில் இருப்பவர் உங்களுக்கு என்ன உறவோ, அதையே படத்துக்குப் பெயராக வைத்து ஏற்றுங்கள்.' சட்டத்துக்குப் பின்னால் லேபில் அந்தப் பெயரை ஒட்டுவார்கள். வீட்டில் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அப்பா என்றோ அம்மா என்றோ இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நல்லது என்றுதான் நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள், அண்ணாச்சி. உலகத்தில் எத்தனை அம்மா.

வாரத்துக்கு இரண்டு படம், மூன்று படம்தான் வரும். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் வருவது அபூர்வம். அதனால் ஆனி வரைக்கும் ஒரு குழப்பமும் இல்லை. ஆனியில் குவைத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். பெயர் முப்பிடாதி. ஊர் நம் ஆலடிக்குளம், இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். ஒன்பது வருஷமாக ஊருக்கு வரவில்லை. அம்மா பேச்சியம்மாள் வைகாசியில் செத்துப்போனாள். அதற்கும் அந்த வீட்டுக்காரர்கள் விடவில்லை. "நாப்பத்தொண்ணாம் நாளைக்காவது அம்மா படம் சுவர்ல இருக்கணும், சார். அப்பா தனியா இருக்காரு. கண்ணு ரெண்டுலயும் புரை, தடவித்தான் நடக்காரு. படத்தைப் பார்க்கத்தான் முடியாது, தொட்டுக் கும்பிடுவாருல்லா" என்றாள். வீட்டில் சுவரில் இருந்த ஒரே பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்ததாம். உறவுக்காரர் ஒருவர் அதைக் கண்ணாடிக்கு மேலேயே ஃபோனில் எடுத்து இவளுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, பழைய படத்தைப் பிரித்தெடுக்கப் பார்த்தார். முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிட்டது. "இது ஒண்ணுதான் இருக்கு, சார். பத்திரம்." தளத்தில் எழுதியிருப்பதை வாசித்தீர்களா என்று கேட்டேன். "வாசிச்சேன். அதை நம்பித்தான் ஏத்துதேன்" என்றாள்.

ஏற்றினாள். காலை பத்து மணி நாற்பது நிமிஷம். பெயர், அம்மா.

அதே நாள் பதினொன்றே கால் மணிக்கு இன்னொரு படம் ஏறியது. அதற்கும் பெயர் அம்மா.

நான் எழுதிய தளத்தில், ஒரே பெயரில் இன்னொன்று வந்தால் முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். சத்தம் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. சாயங்காலம் இரண்டு ஆர்டரும் லேபுக்குப் போயின. இரண்டுக்கும் ஒரே படம்.

லேபிலிருந்து இரண்டு பார்சல் வந்தது. ஒன்று ஆலடிக்குளத்துக்கு. இன்னொன்று என் முகவரிக்கே. லேபில் ஏதாவது மாதிரிச் சட்டம் அனுப்பியிருப்பார்கள் என்று அதை ஓரமாக வைத்தேன். ஆலடிக்குளத்துக்கு கூரியர் போகாது, அதனால் நானே வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

ஒற்றை அறை வீடு. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மாடத்தி என்கிற அம்மாள்தான் அவருக்குச் சோறு கொடுப்பது. அவள் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. நான் காகிதத்தைக் கிழித்தேன்.

கோமதி, அண்ணாச்சி. என் கோமதி. பச்சைப் பட்டுச் சேலை, மகன் கல்யாணத்தில் எடுத்த படம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தளத்தின் குறிப்பைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. பெங்களூரில் இருக்கிற என் மகன் நாராயணன், என்னிடம் சொல்லாமல், தெவசத்துக்கு முன்னால் அம்மா படம் வீட்டுக்கு வரட்டும் என்று ஏற்றியிருக்கிறான். சொல்லியிருந்தால் நானே செய்திருப்பேன். செய்யத்தான் இருந்தேன். அவசரக்காரன்.

ஆனால் அந்த நிமிஷத்தில் பெரியவர் கையை நீட்டி, "கொண்டாங்க" என்றார். கொடுத்தேன். வேறு என்ன செய்வது? கண்ணாடி மேல் கையை வைத்துத் தடவினார். "ஏட்டி பேச்சி, வந்துட்டியா" என்றார். "நாப்பது நாள் ஆச்சுட்டி. எங்க போயிட்ட?" என்றார். என்னிடம் திரும்பி, "நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கண் தெரியாத மனுஷர், கையில் பெண்டாட்டி என்று எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கச் சொல்கிறீர்களா? சுவரில் ஏற்கெனவே ஆணி இருந்தது. மாட்டிவிட்டு வந்தேன். சரியான படத்தை எடுத்து ஒரு வாரத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். ஒரு வாரம்தான் என்று நினைத்தேன், சத்தியமாக.

முதலில் தளம் வைத்திருக்கிற கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். அழிந்த கோப்பை எடுத்துத் தரமுடியுமா என்று. "உங்க திட்டத்துல பேக்கப் கிடையாது, சார்" என்றான். "யாருடைய படம், சார்?" என்று வேறு கேட்டான். அம்மா என்றேன். "உங்க அம்மாவா?" ஃபோனை வைத்துவிட்டேன். லேபில் கேட்டேன். வந்ததைத்தான் அடித்தோம் என்றார்கள். பிறகு முப்பிடாதிக்கு ஃபோன் போட்டேன். படம் கொஞ்சம் சிறிதாக இருக்கிறது, மூலத்தை இன்னொரு தடவை ஏற்ற முடியுமா என்று கேட்டேன். "அழிச்சுட்டேனே, சார்" என்றாள். "ஃபோன்ல இடமே இல்லை. வீட்டுக்காரம்மா குழந்தைங்க படமா எடுத்து நிறைச்சு வச்சிருக்காங்க. உங்ககிட்ட பத்திரமா இருக்கேன்னுதான் அழிச்சேன். ஏன் சார், மாட்டியாச்சுல்லா?" மாட்டியாச்சு என்றேன். பொய் இல்லையே. மாட்டித்தான் இருந்தது.

எடுத்து அனுப்பின உறவுக்காரரைத் தேடி ராஜபாளையம் போனேன். அவர் ஃபோன் கிணற்றில் விழுந்துவிட்டதாம். ஆதார் அட்டை இருக்குமே என்பீர்கள். இருந்தது. பேச்சியம்மாள் அதை நாலாக மடித்து வெற்றிலைப் பையில் வைத்திருந்திருக்கிறாள். முகம் இருந்த இடம் சுண்ணாம்பு பட்டு வெள்ளையாகிவிட்டது. வேறொன்று எடுக்கலாம் என்றால் அதில் கொடுத்திருந்த ஃபோன் எண் யாருடையதென்று யாருக்கும் தெரியவில்லை. ரேஷன் அட்டையில் இருப்பது பெரியவர் முகம். கல்யாண வீடியோக்களைத் தேடிப் போனேன். ஆலடிக்குளத்தில் ஏழு வீட்டில் கேட்டு, நாலு கேசட் வாங்கி, தென்காசியில் கொடுத்து மாற்றிப் பார்த்தேன். நாலிலும் அவள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் குனிந்திருக்கிறாள். ஒன்றில் முதுகு. ஒன்றில் கையும் கரண்டியும். ஒரு தடவை திரும்புகிறாள், அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர் குறுக்கே போய் நின்று லைட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த ஆளை நேரில் பார்த்தால் அடித்துவிடுவேன். இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். இருபது தடவையும் நிற்கிறார்.

இதற்கிடையில் வாராவாரம் வெள்ளிக்கிழமை ஆலடிக்குளம் போய்க்கொண்டிருந்தேன். படத்தை மாற்றவேண்டிய பொறுப்பு என்னுடையது அல்லவா, அதனால். போனால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரியவர் காலையிலேயே பூ வாங்கி வைத்திருப்பார். தடவித் தடவிச் சட்டத்தின் மேல் போடுவார். ஊதுவத்தி கொளுத்துவார். நான் எதிரே தரையில் உட்கார்ந்திருப்பேன். அவர் படத்தோடு பேசுவார்.

ஒன்று கவனித்தேன். முதல் நாள் "ஏட்டி" என்று பேசினாரே, அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படி இல்லை. "தாயி, நல்லா இருக்கியளா" என்று பேச ஆரம்பித்தார். பேச்சி என்று பெயர் சொல்வதும் நின்றுவிட்டது. செத்துப்போனவள் சாமி ஆகிவிட்டாள், அதனால் மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் அப்படி உண்டுதானே? "தாயி, போட்டோக்காரர் வந்திருக்காரு. குரல் இறங்கிக் கிடக்கு. சாப்பிடலை போல" என்பார். ஒரு நாள், "தாயி, இவரு சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுட்டு வந்திருக்காருன்னு மாடத்தி சொல்லுதா. கவனிக்க ஆள் இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் பெண்டாட்டிக்கு என் சட்டையைப் பற்றி என்ன?

என்னிடமும் கேட்பார். "உங்க வீட்டம்மா எப்படிப் பேசுவாங்க? சத்தமாவா, மெதுவாவா?" சொல்வேன். "கோவம் வருமா?" வரும் என்பேன். "என்ன கொழம்பு நல்லா வைப்பாங்க?" புளிக்குழம்பு. முதியவர், பேச்சுக்கு ஆள் இல்லை, அதனால் கேட்கிறார் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கோமதியைப் பற்றி வேறு யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. நாராயணன் ஃபோன் செய்து, "அப்பா, பார்சல் வந்துச்சா? மாட்டியாச்சா?" என்று கேட்டால், "மாட்டணும்" என்று வைத்துவிடுவேன். அதை இன்னும் பிரிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் சரியான இடம் இல்லை.

புரட்டாசியில் கண் முகாம் வந்தது. இலவசமாக அறுவை செய்து, வேனிலேயே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார்கள். மாடத்தி வந்து சொன்னாள். பெரியவருக்கு ஆசை. கண் தெரிந்துவிட்டால், அண்ணாச்சி? கட்டு அவிழ்த்து வீட்டுக்குள் நுழைகிறார், சுவரில் யாரோ ஒருத்தி. நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் இல்லை, யாரோ ஒருத்தி. மூன்று மாதமாக அவளுக்குப் பூப் போட்டிருக்கிறார். நெஞ்சு வெடித்துப் போய்விடாதா?

சொல்லிவிட்டேன். "இந்த வயசில கத்தி வைக்கணுமா? சர்க்கரை வேற இருக்கு. ஆறாதுன்னா உள்ளதும் போயிரும்" என்றேன். அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். சர்க்கரை இருந்தது உண்மை. "நீங்க சொன்னா சரி. இருக்கட்டும்" என்றார். மாடத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த முகாம் போயிற்று.

அந்த நாலு மாதம் நான் தூங்கவில்லை. அடுத்த முகாம் தையில் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கடைசியில் ஒரு காரியம் செய்தேன். முப்பிடாதியின் வாட்ஸ்அப்பில் அவள் முகம் இருக்குமே, அதை எடுத்தேன். ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அம்மாவை உரித்து வைத்த மாதிரி மகள் என்று. கம்ப்யூட்டரில் அந்த முகத்துக்கு நரை வைத்தேன். கன்னத்தைத் தொங்கவிட்டேன். காதைத் துளைத்துப் பாம்படம் போட்டேன். கோமதி செய்திருந்தால் ஒரு மணி நேரம். எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று. அச்சடித்து, அதே அளவில் சட்டமும் போட்டுவிட்டேன்.

இந்தத் தடவை முகாமுக்கு மாடத்தியே பெயர் கொடுத்துவிட்டாள், என்னிடம் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் வேன் ஏற்றிவிட்டேன் என்று முதலில் சொன்னேன்.

வேன் போனதும் மாடத்தியிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். புதுப் படம் பையில். பழையதை இறக்க வேண்டும், இதை மாட்ட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. பெரியவர் கிளம்புகிற அவசரத்திலும் பூப் போட்டிருந்தார். அரளி. பொட்டும் வைத்திருந்தார், கண் தெரியாததால் அது புருவத்தில் இருந்தது. கோமதி நெற்றியில் பொட்டு கோணலாக இருந்தால் பொறுக்கமாட்டாள். துண்டால் துடைத்தேன். துடைத்துவிட்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மாடத்தி வந்து, "அய்யா, பூட்டவா?" என்று கேட்டாள். வெயில் ஏறிவிட்டது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அவர் திரும்பி வர மூன்று நாள் இருக்கிறதே என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்திருக்கிறார்கள். நன்றாகத் தெரிந்ததாம். பக்கத்துக் கட்டில்காரர் தாடியில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாராம். சாயங்காலம் நெஞ்சு வலி என்றிருக்கிறார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

இந்தத் தடவை முப்பிடாதியை விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் வந்து இறங்கினாள். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்போது மாடத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியும், அய்யா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க மாட்டிட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன். முப்பது வருஷம் பக்கத்து வீடு, பேச்சிக்கா முகம் எனக்குத் தெரியாதா? இது யாரோ பச்சைச் சேலை கட்டின அம்மா, பேச்சிக்கா இல்லைன்னு சொன்னேன். இறக்கிருவோமான்னு கேட்டேன். இருக்கட்டும்னாரு. காகிதத்தைக் கிழிச்சதும் அந்த மனுஷன் மூச்சே விடலை மாடத்தி, எனக்குக் கண்ணுதானே தெரியாது, காது கேக்கும்லா, அவரு வீட்டம்மா தவறிட்டாங்கன்னு சொன்னாங்கல்லா, அது அவங்களாத்தான் இருக்கணும்னாரு. வந்து உக்காந்துட்டுப் போகட்டும்னாரு."

அவளே மேலும் சொன்னாள்.

"பேச்சி முகத்தைப் பாக்க எனக்குப் படம் வேண்டாம்னாரு. ஆனா இத்தனை நாளு பூப் போட்டாச்சு, அந்த அம்மா எப்படி இருப்பாங்கன்னு ஒரு தடவை பாத்துரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்கதான் கத்தி வேண்டாம்னுட்டிய."

மாடத்தி நல்லவள்தான். ஆனால் துக்க வீட்டில் ஆறுதலுக்கு எதையாவது சொல்வார்கள். எனக்கு முழுக்க நம்பிக்கை இல்லை. தெரிந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா? ஏழு மாதம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்துக்கொள்ளத்தானே போனேன்?

முப்பிடாதி வெளியே வந்தாள். "அம்மா படம் உங்ககிட்ட இருக்கா, சார்?" என்றாள். சுவரில் இருப்பது அம்மா இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். நான் பையிலிருந்து நான் செய்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி, அவள் ஒப்புக்கொண்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருஷம் பார்க்காதவள். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது நான்" என்றாள். "எனக்கு நரை வச்சிருக்கீங்க."

நான் அழுதுவிட்டேன். காலில் விழப் போனேன், தடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். உறவுக்காரர், கிணறு, ஆதார், கேசட், எல்லாம். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஆனியிலேயே எங்கிட்ட சொல்லியிருந்தா, சார், அந்த மாசம் எனக்கு அந்த முகம் மனசில அப்படியே இருந்துச்சு. நீங்க கேட்டுக் கேட்டு வரைஞ்சிருக்கலாம். இப்ப எனக்கே கலங்கிப்போச்சு" என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை. பெரியவருக்குத் தெரிந்துவிடக் கூடாது, பெரியவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றே ஏழு மாதம் போய்விட்டது.

உள்ளே போய் சுவரிலிருந்த படத்தை இறக்கி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். "இந்தாங்க. உங்க வீட்டம்மா." பிறகு அப்பாவின் படத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். தளத்தில் ஏற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் ஃபோனை நீட்டவில்லை. ரேஷன் அட்டையைக் கையில் கொடுத்து, "நான் இங்கயே நிக்கேன், எடுத்துட்டுத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

அதனால், அண்ணாச்சி, உங்கள் தளத்தில் வாடிக்கையாளர் வைக்கிற பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏறும்போதே ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு எண் கொடுங்கள், ஒரு தடவை வந்தது மறுபடி வராத எண். கேக் வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் எதையும் அழிக்காதீர்கள். அச்சடிக்கிறதுக்கு முன்னால் ஒரு ஆள் முகத்தைத் திறந்து பார்க்கட்டும். மற்ற பூட்டெல்லாம் நான் எழுதித் தருகிறேன், அது சுலபம்.

உங்கள் மாமனார் வீடு ஆலடிக்குளத்துக்குப் பக்கத்தில்தானே? அவர்கள் வீட்டில் பழைய கல்யாண ஆல்பம் ஏதாவது கிடந்தால் சொல்லுங்கள். கேசட்டாக இருந்தாலும் சரி. பந்தி எடுத்த கேசட் என்றால் வேண்டாம். நலங்கு, ஆரத்தி, அந்த மாதிரி. வாசலில் நிற்கிற கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். உங்களுக்கு ஒரு சிரமமும் வைக்கமாட்டேன். இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு.

முப்பிடாதி மாசி பதினான்காம் தேதி விமானம் ஏறிவிட்டாள். பெரியவர் படத்தைச் சட்டம் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். பேச்சியம்மாளின் படம் எங்கும் இல்லை.